மண்டபத்துக்கு ஒரு தடவை வந்து போங்கள்

பெறுநர்:
ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம், இலங்கை பொறுப்புக்கூறல் பிரிவு, ஜெனீவா.

நகல்:
இந்திய வெளியுறவு அமைச்சகம், புது டெல்லி.

பொருள்: இராமநாதபுரம் கரையில் வசிக்கும் போர்ச் சாட்சிகளிடம் நேரில் வந்து வாக்குமூலம் பெறக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

நான் மண்டபத்தில் மனு எழுதிப் பிழைக்கிறவன். முப்பது வருஷமாக இதே வேலை. ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க, பட்டா மாற்ற, டீசல் மானியம் வரவில்லை என்று சொல்ல, முகாமில் இருப்பவர்கள் வெளியூர் போய்வர அனுமதி கேட்க, எல்லாவற்றுக்கும் ஒரு வெள்ளைத்தாள், மேலே ஒரு ‘பொருள்’, கீழே ஒரு ‘இப்படிக்கு’. அதனால் இதையும் மனு மாதிரியே ஆரம்பித்துவிட்டேன். கைப்பழக்கம், மன்னியுங்கள்.

பொறுப்புக்கூறல் என்ற சொல்லை நான் உங்கள் அறிக்கைகளில்தான் முதலில் படித்தேன். எங்கள் பக்கம் யாரும் அப்படிப் பேசுவதில்லை. "இதுக்கு யாரு பதில் சொல்றது?" என்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரம் போகிற ரயில் பாம்பன் பாலத்தில் ஏறுவதற்கு முன்னால் ‘மண்டபம் கேம்ப்’ என்று ஒரு ஸ்டேஷன் வரும். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற கூலி ஆட்களை, நோய் இருக்கிறதா என்று பார்க்கச் சில நாள் நிறுத்திவைத்து அனுப்பிய இடம் அது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு அதே தோட்டத்து ஆட்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த வழியாகவே திரும்பி வந்தார்கள். 1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு, வடக்கிலிருந்து உயிர் பிழைத்தவர்கள் வந்து இறங்கியதும் இங்கேதான். அலை அலையாக மூன்று லட்சம் பேர் அளவுக்கு இந்தியா வந்தார்கள். 2021இல் அகதிகள் முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று மாநில அரசு மாற்றியது. நல்ல காரியம். ஸ்டேஷன் போர்டில் மட்டும் இன்னும் கேம்ப்தான்.

தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். நடுவில் வரிசையாக மணல் திட்டுகள். ராத்திரியில் ஆட்களைக் கூட்டிவருகிற படகுக்காரர் பல நேரம் கரைவரை வரமாட்டார். ஏதாவது ஒரு திட்டில் இறக்கிவிட்டு, "இந்தியா வந்தாச்சு, விடிஞ்சா ஆள் வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். விடிந்து பார்த்தால் நாலு பக்கமும் தண்ணீர். குடிக்க ஒரு சொட்டு இருக்காது. எங்கள் மீனவர்களோ கடலோரக் காவல்படையோ கண்டால் உண்டு. 2022இல் இலங்கையில் அரிசிக்கும் பாலுக்கும் திண்டாட்டம் வந்தபோதுகூட இதே திட்டுகளில்தான் குடும்பங்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தன.

அப்படி ஒரு திட்டில் விடியும்வரை காத்திருந்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பெயர் எழுதப்போவதில்லை, ஏன் என்பது போகப்போகப் புரியும். நான் கூப்பிடுகிற மாதிரி அக்கா என்றே எழுதுகிறேன்.

அக்காவுக்கு ஊர் மன்னார் தீவில் பேசாலை. இந்தக் கரைக்கு இரண்டு தடவை வந்தவர். 1990இல் கைக்குழந்தையோடு ஒரு தடவை. பிறகு இனிச் சண்டை ஓய்ந்துவிடும் என்று நம்பித் திரும்பிப் போனார். 2006இல் மறுபடியும்.

2006 ஜூன் 17 அன்று பேசாலையில் நடந்தது உங்கள் கோப்புகளில் இருக்கும். சண்டைச் சத்தம் கேட்டு ஊர் ஜனம் வெற்றி அன்னை ஆலயத்துக்குள் ஒதுங்கியிருந்தது. வெளியிலிருந்து சுட்டார்கள், ஜன்னல் வழியாகக் குண்டு வீசினார்கள். ஒரு மூதாட்டி இறந்தார், பலருக்குக் காயம். அதே நாளில் கடற்கரையில் மீனவர்கள் கொல்லப்பட்டார்கள். கடற்படையினர் செய்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அரசு மறுத்தது.

அக்கா அந்தக் கோயிலுக்குள் இருந்தவர். அன்றிலிருந்து அவருக்கு இடது காது கேட்காது. நாம் வலது பக்கம் உட்கார்ந்துதான் பேச வேண்டும். நான் கேட்டபோது அவர் முதலில் சொன்னது குண்டைப் பற்றியல்ல, செருப்பைப் பற்றி. வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகள் அப்படியே கிடந்தனவாம். வெளியே ஓடியவர்களுக்குக் கால் தடுக்கியது அவற்றில்தான். அக்கா ஒரு கணம் நின்று தன்னுடையதைத் தேடியிருக்கிறார். "எனக்கு விசர் தம்பி. உயிர் போற நேரம் செருப்பைத் தேடிக்கொண்டு நிண்டனான்" என்று சொல்லிச் சிரித்தார்.

எப்போது நடந்தது என்று கேட்டேன். "மடு ஆடித் திருநாளுக்கு இன்னும் ரெண்டு கிழமை இருந்தது" என்றார். நான் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் என்று எழுதிக்கொண்டேன். அப்புறம் தேதி உதைத்தது. விசாரித்தால், அந்தப் பக்கத்துத் தமிழில் கிழமை என்றால் வாரம். மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோயிலின் ஆடித் திருவிழா ஜூலை 2. இரண்டு வாரம் பின்னால் போனால் ஜூன் 17, 18 என்று வருகிறது. அக்கா கணக்கு சரி, என் எழுத்துதான் தப்பு. முப்பது கிலோமீட்டருக்குள் தமிழ் இப்படி இடறிவிடுகிறது, அதுவும் முகாம்காரர்களோடு தினமும் பேசுகிற எனக்கு. ஜெனீவாவில் உட்கார்ந்து ஒருவர் இதை ஆங்கிலமாக்கும்போது ‘இரண்டு நாள்’ என்று போட்டுவிட்டால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இது 2014இல் நடந்த பேச்சு. அந்த மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை இலங்கை பற்றி ஒரு விசாரணைக்கு உத்தரவிட்டது. 2002 பிப்ரவரி முதல் 2011 நவம்பர் வரை நடந்தவற்றை விசாரித்தார்கள். தெரிந்ததை எழுதி அனுப்பலாம், தமிழிலும் அனுப்பலாம், பத்துப் பக்கத்துக்கு மிகக்கூடாது, அக்டோபர் 30க்குள் வந்து சேர வேண்டும் என்று அறிவித்தீர்கள். அக்காவின் மகன் அந்த அறிவிப்பை எங்கிருந்தோ அச்செடுத்துக்கொண்டு வந்தான். "பத்துப் பக்கமே?" என்றார் அக்கா. போதாது என்கிறாரா, இவ்வளவா என்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று சாயங்காலம் உட்கார்ந்து எழுதினோம். அழுகையை எல்லாம் தள்ளிவிட்டு, நடந்ததை மட்டும் எழுதினால் நாலரைப் பக்கம்தான் வந்தது.

அனுப்பவில்லை. வேண்டாம் என்று சொன்னவன் நான்.

எழுதுபவரின் விலாசமும் தொடர்பு விவரமும் இருக்க வேண்டும் என்பது உங்கள் விதி. நியாயமான விதிதான், மொட்டைக் கடிதத்தை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது. ஆனால் அந்தச் சமயம்தான் உங்கள் விசாரணைக் குழுவுக்கு இந்தியா விசா தரவில்லை என்று பத்திரிகையில் வந்தது. அரசு உள்ளே விடாத குழுவுக்கு, அதே அரசின் முகாமில் பதிவு எண்ணோடு வாழ்கிற ஒருவர் பெயரும் விலாசமும் போட்டு எழுதினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம். ஆனால் மாதாந்திர உதவித்தொகை, பிள்ளையின் படிப்பு, பக்கத்து மாவட்டத்துக் கல்யாணத்துக்குப் போய்வர அனுமதி, எல்லாமே யாரோ ஒருவர் கையெழுத்தில் தொங்குகிற வாழ்க்கையில் ‘போயிருக்கலாம்’ என்பதை நம்பி எதில் இறங்குவது? "இப்ப வேணாம்க்கா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். அது என் தகரப் பெட்டியில் இன்றும் இருக்கிறது.

போன மாதம் அவரைப் பார்த்தேன். 1990 படகையும் 2006 படகையும் ஒன்றாக்கிவிட்டார். கையில் குழந்தை இருந்ததாம், கோயில் ஜன்னல் உடைந்ததாம், குழந்தை வீறிட்டதாம். 2006இல் அந்தக் குழந்தைக்குப் பதினாறு வயது. அவன்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "அது அப்ப இல்லை அம்மா" என்று மெதுவாகத் திருத்துகிறான். இன்றைக்கு அவரை ஒரு நீதிபதி முன்னால் நிறுத்தினால் பத்தே நிமிஷத்தில் சாட்சியம் சிதறிவிடும். ஆள் இறந்தால்தான் சாட்சி போகும் என்று நான் நினைத்திருந்தேன். ஆள் எதிரிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே அது கரைந்து போகிறது.

அங்கேயே விசாரித்துக்கொள்ளட்டும், வெளியார் எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அவர்களுக்குப் பேசாலையே பதில். அந்தச் சம்பவம் 2006இல் இலங்கை ஜனாதிபதி அமைத்த விசாரணை ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்ட வழக்குகளில் ஒன்று. அதைப் பார்வையிடச் சர்வதேசப் பிரமுகர்கள் குழு ஒன்றும் போனது. தலைவர் நம்முடைய முன்னாள் தலைமை நீதிபதி பி.என். பகவதி. இந்த விசாரணை உலகத் தரத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு 2008இல் அந்தக் குழு மூட்டை கட்டியது. யாழ்ப்பாணத்து மிருசுவிலில் 2000ஆம் ஆண்டு, ஒரு குழந்தை உட்பட எட்டுப் பேரை ராணுவ வீரர் கொன்ற வழக்கு அபூர்வமாகத் தண்டனைவரை போனது. உச்ச நீதிமன்றமே 2019இல் உறுதிசெய்தது. மறு வருஷம் மார்ச்சில், ஊரே கொரோனாவில் கதவைச் சாத்தியிருந்த நேரத்தில், ஜனாதிபதி பொதுமன்னிப்பு கொடுத்து அந்த ராணுவ வீரரை வெளியே விட்டார். 2015இல் வெளிநாட்டு நீதிபதிகளின் பங்கேற்போடு விசாரிக்கிறோம் என்று ஜெனீவாவில் ஒப்புக்கொண்டவர்கள் 2020 பிப்ரவரியில் அதிலிருந்து விலகிக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணத்துச் செம்மணியைப் பாருங்கள். அங்கே உடல்களைப் புதைத்தோம் என்று, மரண தண்டனை பெற்ற ஒரு ராணுவ வீரர் 1998இல் நீதிமன்றத்திலேயே சொன்னார். 1999இல் தோண்டி 15 உடல்களை எடுத்ததோடு சரி. 2025இல் அந்தப் பக்கத்துச் சுடுகாட்டில் தற்செயலாகக் குழி வெட்டியபோது எலும்பு தட்டுப்பட்டு, தோண்டத் தோண்ட 200க்கும் மேல் எலும்புக்கூடுகள். ஒரு குழந்தையோடு நீலநிறப் பள்ளிக்கூடப் பையும் வந்தது. உங்கள் ஆணையரே ஜூனில் போய்ப் பார்த்தார். அந்தப் பையை அடையாளம் சொல்லக்கூடிய யாராவது இந்தக் கரையில் இருக்கமாட்டார்களா? அவர்களிடம் யார் கேட்டது?

இனி டெல்லிக்குச் சில வரிகள். மன்னிக்கவும், நகல் என்று போட்டுவிட்டுத் திட்டுவது மனு மரபு இல்லை.

2009 மே 27, முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்து ஒன்பதே நாளில், மனித உரிமைப் பேரவையில் இலங்கையைப் பாராட்டிய தீர்மானத்துக்கு நீங்கள் கை தூக்கினீர்கள். 2012இலும் 2013இலும் இலங்கையைக் கேள்வி கேட்ட தீர்மானங்களை ஆதரித்தீர்கள். 2014, 2021, 2022 மூன்றிலும் வாக்களிக்காமல் இருந்தீர்கள். தீர்மானம் எப்படியோ நிறைவேறிவிடுகிறது, நாம் ஏன் சீனாவுக்கு வழிவிட வேண்டும் என்ற கணக்கு எனக்கும் புரிகிறது. வாக்கை விடுங்கள். எனக்கு வேண்டியது விசா.

இன்னொரு தயக்கமும் இருக்கலாம். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நுழைந்து நம் அமைதிப்படை சுட்டதில் மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் என்று 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வாய்களைத் திறந்துவிட்டால் அதுவும் வரும். வரத்தான் வரும். அந்த வார்டில் கட்டிலுக்கு அடியில் கிடந்தவரிடம், நீ யாரைச் சொல்லலாம் யாரைச் சொல்லக்கூடாது என்று நாம் எப்படிப் பட்டியல் கொடுப்பது?

புலிகளும் அப்படித்தான். முகாமில் அமைதியாக உட்கார்ந்து கேட்டால், பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனது, வன்னியிலிருந்து தப்பி ஓடியவர்களைப் பின்னாலிருந்து சுட்டது, 1990 அக்டோபரில் மன்னார் முஸ்லிம்களைக் கட்டிய துணியோடு ஊரைவிட்டு விரட்டியது எல்லாம் வெளியே வரும். மேடையில் பேசுகிற எங்கள் தலைவர்கள் பலருக்கு இது பிடிக்காது. ஆணையர் அவர்களே, அதையும் ஒரு வரி விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். பிரிட்டன் 2025 மார்ச்சில் தடை விதித்த நாலு பேரில் மூவர் முன்னாள் படைத் தளபதிகள், நாலாமவர் முன்பு புலித் தளபதி. அந்த அளவாவது நடுநிலை வேண்டும்.

எங்கள் குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையிலிருந்து போகிற விசைப்படகுகளின் இழுவைமடி, போரில் எல்லாம் இழந்து இப்போதுதான் நாலு வலை வாங்கிப் போட்ட வடக்கு மீனவனின் வலையையும் சேர்த்து அறுத்துக்கொண்டு வருகிறது. தொப்புள்கொடி உறவு என்று நாம் சொல்லும்போது அக்காவின் மகன் லேசாகச் சிரிப்பான். சுட்டுக் கொல்லப்பட்ட எங்கள் மீனவர்களுக்கும் யாரும் பதில் சொல்லவில்லை என்பது வேறு கணக்கு. அதற்குத் தனி மனு போட வேண்டும்.

சரி, இங்கே வந்து சாட்சியம் வாங்கி என்ன பிரயோஜனம், எந்த நீதிமன்றம் இருக்கிறது என்று கேட்கலாம். இலங்கை சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் சேராத நாடு. பாதுகாப்பு சபை அனுப்பினால் ஒழிய அந்தக் கதவு திறக்காது, அது நடக்கிற காரியமும் இல்லை. ஆனால் 2022 ஜனவரியில் ஜெர்மனியில் கோப்லென்ஸ் என்ற ஊரில், சிரியச் சிறையில் சித்திரவதை நடத்திய ஒரு அதிகாரிக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார்களே, அது எப்படி நடந்தது? குற்றம் நடந்தது டமாஸ்கஸில். சாட்சி சொன்னவர்களில் பலர் அகதியாக வந்து ஐரோப்பாவில் வாழ்ந்தவர்கள். எந்த நாட்டில் எப்போது அப்படி ஒரு ஆள் மாட்டுவான் என்று யாருக்கும் தெரியாது. மாட்டுகிற அன்றைக்கு வாக்குமூலம் தயாராக இருக்க வேண்டும். உங்கள் பிரிவை 2021இல் உருவாக்கியதே அதற்குத்தானே.

இன்னொன்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். மியான்மரும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் சேராத நாடுதான். ஆனால் ரோஹிங்கியா ஜனங்கள் ஓடிப்போய் விழுந்த பங்களாதேஷ் சேர்ந்த நாடு. ஆட்களை விரட்டுகிற குற்றம் எல்லை தாண்டி பங்களாதேஷ் மண்ணில்தான் முடிகிறது என்று சொல்லி, 2019இல் விசாரணைக்கு அனுமதி கொடுத்தார்கள். அந்தச் சட்ட நுணுக்கத்தைப் படித்த அன்று நான் அரிச்சல்முனைக்குப் போய் நின்றேன். இந்தியாவும் கையெழுத்துப் போட்ட நாடாக இருந்திருந்தால், 2006இல் அக்கா கால் வைத்த அந்த மணல் திட்டும் ஒரு குற்றம் முடிந்த இடம் ஆகியிருக்கும். போடவில்லை. சரி, அந்த வழி அடைபட்டது. விசா கொடுக்க ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். 2025 அக்டோபரில் உங்கள் வேலைக்கு இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் தமிழ்நாட்டு முகாம்களுக்கு வர இந்தியாவிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்டதையும் வந்த பதிலையும் வெளியிடுங்கள். டெல்லி அனுமதிப்பதோடு நிற்காமல், சாட்சி சொன்னதற்காக யாருடைய முகாம் பதிவும் உதவித்தொகையும் குடியுரிமை விண்ணப்பமும் பாதிக்கப்படாது என்று ஒரு தாளில் எழுதி, தமிழில், முகாம் நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும். வாய்வார்த்தை போதாது. அதற்கு முன்னால் இங்கே யாரும் வாய் திறக்கமாட்டார்கள். நானும் திறக்கச் சொல்லமாட்டேன். ஒரு தடவை சொல்லி ஒருவரை நிறுத்தியவன், இன்னொரு தடவை சொல்லி ஆபத்தில் மாட்டிவிட முடியாது.

வருவதாக இருந்தால் ஐப்பசி மழைக்கு முன்னால் வாருங்கள். மன்னார்த் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூட்டிவாருங்கள். மண்டபம் கேம்ப் ஸ்டேஷனில் இறங்கி மனு எழுதுகிறவர் என்று கேட்டால் டீக்கடையில் காட்டுவார்கள். நாலரைப் பக்கத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன். அக்காவைக் காலை எட்டு மணிக்குள் பார்த்துவிட வேண்டும். அந்த நேரத்தில் தெளிவாக இருக்கிறார். வலது பக்கமாக உட்காருங்கள்.

இப்படிக்கு,
மனு எழுதுகிறவன்,
மண்டபம்.